ஏர் பிஸ்டலுக்குக் குண்டும் காற்றும்: சிங்கப்பூரில் புதிதாகச் சுட வருவோருக்கு

தேசிய சேவையை முடித்த கையோடு அக்கா மகன் ஒரு நாள் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அமெரிக்காவில் யாரோ ஒருவர் வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்து, பித்தளைக் கூடுகளில் வெடிமருந்தை அளந்து போட்டு, போட்டிக்கான ரிவால்வர் தோட்டாக்களைத் தானே தயாரித்துக்கொண்டிருந்தார். கடைத் தோட்டாவைவிட அதுதான் துல்லியமாம்.

"மாமா, இந்த மருந்து இங்கே எங்கே கிடைக்கும்?"

1972இலிருந்து பட்டாசுக்கே தடை இருக்கிற ஊரில், கம்பி மத்தாப்போடு தீபாவளியை முடித்துக்கொள்கிற குடும்பத்தில் பிறந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது? சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வியின் உள்ளே இருந்த ஆசை நியாயமானதுதான். நான் சுடுவதன் துல்லியம் என் கையில் மட்டும் இருக்கிறதா, குண்டிலும் இருக்கிறதா என்றுதான் அவன் கேட்டான். அவனுக்கு அன்று சொன்னதையும், பிறகு சுடுதளத்தில் காட்டிக்கொடுத்ததையும் புதிதாக வருகிற மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காணொளியைப் பற்றி. .38 ஸ்பெஷல் என்கிற ரிவால்வர் தோட்டா 1898இல் வந்தது. அது கருமருந்து என்கிற பழைய வெடிமருந்துக் காலத்தின் பிள்ளை. அந்த மருந்துக்கு நிறைய இடம் வேண்டும் என்பதால் கூடு நீளமானது. இன்றைய புகையற்ற மருந்தோ கூட்டின் அடியில் ஒரு சிட்டிகைதான் கிடக்கும். ஆகவே கவனக்குறைவாக இரண்டு முறை மருந்து போட்டாலும் கூடு வழியாது, கண்ணுக்கும் சட்டென்று தெரியாது. சுடும்போது ரிவால்வரின் உருளை வெடித்துச் சிதறலாம். குறைவாகப் போட்டால் பிழைத்தோம் என்றும் இல்லை. மருந்து மிகக் குறைந்தாலோ இல்லாமலே போனாலோ குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். அதனால்தான் அமெரிக்காவில் சட்டப்படி இதைச் செய்பவர்களும் வெடிமருந்து நிறுவனத்தின் அளவு நூலை வைத்துக்கொண்டு, தொடக்க அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகிறார்கள். கூடுகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் உள்ளேயும் விளக்கடித்துப் பார்த்த பிறகுதான் குண்டை அழுத்துகிறார்கள். அந்த ஒழுக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். வேலையை இங்கே செய்ய முடியாது. சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது கடுங்குற்றம். ஒரு தோட்டாவைப் பையில் வைத்திருப்பதே குற்றம்.

புதியவருக்கு இங்கே திறந்திருக்கும் கதவு 10 மீட்டர் ஏர் பிஸ்டல். அதில் மருந்து இல்லை. அழுத்திய காற்றும் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டும்தான். மருந்து அளவைப் பற்றி அங்கே கேட்கப்படும் கேள்விகள் இங்கே இரண்டாகப் பிரிகின்றன. எந்தக் குண்டு? எவ்வளவு காற்று?

எங்கே தொடங்குவது

ஏர் பிஸ்டல் பொம்மை அல்ல. இந்த நாட்டின் சட்டத்தில் அதுவும் துப்பாக்கிதான். வைத்திருக்க உரிமம் வேண்டும். 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கிகள், வெடிபொருள்கள், ஆயுதங்கள் கட்டுப்பாட்டுச் சட்டத்திலும் இந்த நிலை மாறவில்லை. கைத்துப்பாக்கி வடிவில் இருக்கும் சிகரெட் லைட்டரைக்கூட உள்ளே கொண்டுவரத் தடை விதித்திருக்கும் ஊர் இது. ஜோகூர் பாருவிலோ இணையத்திலோ மலிவாகக் கிடைக்கிறது என்று குண்டு டப்பா, உதிரிப்பாகம், சிலிண்டர் எதையும் நீங்களாக வாங்கி வராதீர்கள். கிளப்பைக் கேளுங்கள். அவர்கள் வாங்கித் தருவார்கள், அல்லது எப்படி வாங்குவது என்று சொல்வார்கள். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு "விளையாட்டுக்குத்தான்" என்று விளக்கம் சொல்வது இனிய அனுபவமாக இருக்காது.

பள்ளியில் படிப்பவருக்கு இணைப்பாட நடவடிக்கைதான் எளிய வழி. பல உயர்நிலைப் பள்ளிகளில் ஏர் பிஸ்டல் இருக்கிறது. நானும் அப்படித்தான் வந்தேன். தேசிய சேவையாளர்களுக்கு ஈசூனில் உள்ள அவர்களுக்கான சாஃப்ரா கிளப்பில் சுடுதளம் இருக்கிறது. மற்றவர்கள் சிங்கப்பூர் துப்பாக்கிச் சுடுதல் சங்கத்தின்கீழ் உள்ள கிளப்களை அணுகலாம். பழைய சுவா சூ காங் சாலையில் இருக்கும் தேசியச் சுடுதளத்துக்குப் பேருந்தில் போவதே ஒரு சிறு பயணம்; அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டு கிளப் துப்பாக்கியிலேயே சுடுங்கள். சொந்தத் துப்பாக்கி வாங்கத் துடிக்கும் கையைக் கொஞ்சம் கட்டிப் போடுவது நல்லது.

டப்பாவைப் படிப்பது

பெல்லட் என்று நாம் சொல்லும் குண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். இடை சிறுத்த உடுக்கை வடிவம். முன்பக்கம் தட்டை, பின்பக்கம் உள்ளே குழிந்த பாவாடை. தட்டைத் தலை தாளில் கத்தரித்தது போல் வட்டமான துளை போடும். புள்ளி கணக்கிட அது உதவுகிறது. கூர்முனைக் குண்டு இந்தப் போட்டிக்குரியதல்ல. மெல்லிய பாவாடை, பின்னாலிருந்து காற்று தள்ளும்போது விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக் காற்றை அடைக்கிறது. பாவாடை நசுங்கிய குண்டு நேராகப் போகாததற்கு இதுதான் காரணம்.

டப்பாவின் மேல் மூன்று செய்திகள் இருக்கும். ஒன்று எடை. பிஸ்டலுக்கானவை பெரும்பாலும் 0.45 கிராமிலிருந்து 0.53 கிராம் வரை. இரண்டாவது தலையின் விட்டம்: 4.48, 4.49, 4.50, 4.51 என்று ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வரும். நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அது. மூன்றாவது, பலரும் கவனிக்காத தொகுதி எண். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விட்டம் என்றாலும் வேறு நாளில் வேறு அச்சில் அழுத்திச் செய்த குண்டு வேறு மாதிரி பறக்கும். ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என், ஜேஎஸ்பி என்று நிறுவனப் பெயரைச் சொல்லி வாதாடுவார்கள். நான் தொகுதி எண்ணைத்தான் குறித்துவைப்பேன்.

பெரும்பாலான போட்டிக் குண்டு டப்பாக்களில் 500 இருக்கும். ஒரு போட்டியில் கணக்குக்குரியவை 60; அதற்கு முன் 15 நிமிடத்தில் சரிபார்ப்புக்காகச் சுடுபவை பத்து, இருபது. ஆக ஒரு டப்பா ஆறு போட்டிக்கு வரும். பயிற்சிக்கு மலிவான டப்பா போதும்.

எந்த டப்பாவைத் தேர்ந்தெடுப்பது? என் பதில் புதியவர்களுக்குப் பிடிப்பதில்லை: கிளப்பில் எது இருக்கிறதோ அது. ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ஏழு புள்ளி வட்டம் வரையிலான கறுப்புப் பகுதியின் விட்டம் 59.5 மில்லிமீட்டர். புதியவரின் கை நடுக்கத்தால் குண்டு மையத்திலிருந்து சராசரியாக 15 மில்லிமீட்டர் தள்ளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மட்டமான குண்டு தன் பங்குக்கு 2 மில்லிமீட்டர் தவறைச் சேர்க்கிறது. இப்படித் தனித்தனிக் காரணங்களால் வரும் தவறுகள் அப்படியே கூட்டல் ஆகாது, வர்க்கங்களாகக் கூடும். 225உடன் 4 சேர்ந்தால் 229. அதன் வர்க்கமூலம் 15.1. மொத்தத்தில் உங்கள் நஷ்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதுவே தேர்ந்த வீரரின் தவறு 4 மில்லிமீட்டர் என்றால், அதே 2 சேரும்போது அது 4.5 ஆகிறது. அங்கே பத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் கோடு விழுகிறது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தங்கம் வென்ற நம் டியோ ஷுன் ஷியே போன்றவர்களுக்குத் தொகுதி எண் முக்கியம். கறுப்புக்குள் எல்லாக் குண்டும் விழுந்தால் போதும் என்று இருக்கும் நமக்கு விசையை மெதுவாக அழுத்துவதுதான் முக்கியம்.

அக்கா மகன் ஒத்துக்கொள்ளவில்லை. விலை உயர்ந்த டப்பா ஒன்றை வாங்கினான். முதல் வாரம் புள்ளி ஏறியது. இரண்டாம் வாரம் இறங்கியது. குண்டு அதேதான்.

ஈரமும் வெள்ளைப் பொடியும்

இந்த ஊரின் காற்று ஈயத்துக்கு எதிரி. மூடி சரியாக மூடாத டப்பாவை மழைக்கால டிசம்பரில் மறந்துவிட்டால், ஜனவரியில் குண்டுகளின் மேல் சாம்பல் கலந்த வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும். ஈயம் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்ததால் வந்த பொடி அது. ஊதித் தள்ளாதீர்கள், மூச்சோடு உள்ளே போகும். அந்த டப்பாவை ஒதுக்கிவைத்துக் கிளப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

நல்ல டப்பாவிலும் போட்டிக்கு முன் நாளே குண்டுகளைப் பொறுக்கிவைப்பது என் வழக்கம். வெள்ளைத் துணியில் பரப்பி, பாவாடைப் பக்கத்தை மேலே வைத்துப் பார்த்தால் நீள்வட்டமாக நசுங்கியவை பளிச்சென்று தெரியும். அரிசியில் கல் பொறுக்கிய பாட்டிக்குப் பேரனாக இருந்தால் வேலை விரைவில் முடியும். டப்பாவைக் குலுக்காதீர்கள், கீழே போடாதீர்கள். ஈயம் அவ்வளவு மெத்து. சிலர் ஒவ்வொரு குண்டாகத் தராசில் எடை போடுகிறார்கள். 10 மீட்டருக்கு அந்த உழைப்பு தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனால் அதைச் செய்தால் மனம் அமைதியாகும் என்று சொல்லும் நண்பர் ஒருவர் என்னைவிட நன்றாகச் சுடுகிறார்.

சோதித்துப் பார்ப்பது

ஒரு நாள் உங்கள் புள்ளிகள் நிலைபெறும். 60 குண்டில் பெரும்பாலானவை ஒன்பதும் பத்துமாக விழத் தொடங்கும். அப்போது சொந்தத் துப்பாக்கியும் இருந்தால், சோதனைக்கு நேரம் வந்துவிட்டது.

கையில் பிடித்துச் சுட்டுக் குண்டைச் சோதிப்பது வீண். கிளப்பின் பழுதுபார்ப்பவரிடம் சொல்லி, துப்பாக்கியை இடுக்கியில் பூட்டச் சொல்லுங்கள். குழலை நெரிக்காமல் பூட்டத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை அது. மூன்று அல்லது நான்கு தொகுதிகள் போதும். வேறு நிறுவனக் குண்டுக்கு மாறும்போது முதல் ஐந்தைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள். குழலின் உள்ளே படிந்திருக்கும் ஈயப் பூச்சு புதியதற்குப் பழக வேண்டும். பிறகு ஒரே புள்ளியில் பத்து. துளைக் கூட்டத்தின் ஒரு வெளி ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை அளந்து, அதிலிருந்து 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கான தூரம் கிடைக்கும்.

ஐந்து குண்டோடு நிறுத்திவிட்டு "இதுதான் சிறந்தது" என்று துள்ளாதீர்கள். ஐந்து குண்டு ஒட்டி விழுவது தற்செயலாகவும் நடக்கும். நான் ஒருமுறை அப்படி ஏமாந்து ஆறு டப்பா வாங்கினேன். அடுத்த மாதம் அதே தொகுதியைச் சோதித்தபோது வரிசையில் மூன்றாவதாக நின்றது. ஒவ்வொரு தொகுதியையும் இரண்டு வேறு நாள்களில் சோதியுங்கள். இரண்டு நாளும் முன்னால் நிற்பதை ஓராண்டுக்குத் தேவையான அளவு வாங்குங்கள். தேதி, தொகுதி எண், அளவு, சிலிண்டர் அழுத்தம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கைபேசியில் எழுதலாம், ஆனால் சுடுதளத்தில் கைபேசி ஒலித்தால் பக்கத்தில் நிற்பவர் பார்க்கும் பார்வையைத் தாங்க வேண்டும்.

எவ்வளவு காற்று

இங்கேதான் பாதுகாப்பு இருக்கிறது. இதைப் படிக்கும்போது தேநீரைக் கீழே வைத்துவிடுங்கள்.

துப்பாக்கியின் குழலுக்குக் கீழே இருக்கும் சிலிண்டர் பெரும்பாலும் 200 பார் அழுத்தம் வரை நிரப்புவதற்கானது. கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று அதிகம். இது அதைப் போலத் தொண்ணூறு மடங்கு. சிலிண்டரின் மேல் அதிகபட்ச அழுத்தமும் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். பல நிறுவனங்கள் பத்து ஆண்டுகளே ஆயுள் என்று சொல்கின்றன. சர்வதேச விதிகளின்படி தேதி முடிந்த சிலிண்டரைப் பயன்படுத்தாமல் இருப்பது சுடுபவரின் பொறுப்பு. ஒரு போட்டியின் காலையில், கருவிப் பரிசோதனை மேசையில், என் சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் அதை என்னிடமே நீட்டினார். ஆயுள் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பள்ளி மாணவி ஒருவர் தன் உபரி சிலிண்டரைக் கொடுத்ததால் அன்று சுட்டேன். அவர் என்னைவிட அதிகப் புள்ளி எடுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நிரப்பும்போது அவசரம் கூடாது. முதலில் தேதியைப் பாருங்கள். பிறகு மரையையும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள்; மணலோ வெட்டோ இருந்தால் நிறுத்துங்கள். பெரிய கலத்தின் அழுத்தம் எவ்வளவு என்று அளவுமானியில் பாருங்கள். 300 பார் கலத்திலிருந்து 200 பார் சிலிண்டரை நிரப்பும்போது, திருகைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் முள் கோட்டைத் தாண்டிவிடும். மெல்லத் திறந்து, முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். காற்று விரைந்து நெரியும்போது சூடாகிறது. சூட்டில் 200 காட்டிய சிலிண்டர் ஆறிய பின் 180, 190 என்று இறங்கும். "குறைகிறதே" என்று 200ஐத் தாண்டி நிரப்பி வைப்பது புதியவர்கள் செய்யும் தவறு. ஆறட்டும், வேண்டுமானால் பிறகு கொஞ்சம் சேர்க்கலாம்.

வெயிலில் நிறுத்திய காரில் நிறைந்த சிலிண்டரை வைக்காதீர்கள். 27 பாகை செல்சியஸில் 200 பார் இருப்பது, 60 பாகையில் 222 பார் ஆகிறது.

உள்ளே போவது சுத்தமான, உலர்ந்த, சாதாரணக் காற்று மட்டுமே. ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் இணைக்காதீர்கள். மரை இறுகுகிறது என்று தையல் இயந்திர எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். உயர் அழுத்தத்தில் எண்ணெய் தீப்பற்றும். நிறுவனம் சொல்லும் சிலிக்கோன் மசகு மட்டும், அதுவும் துளியளவு.

குண்டின் வேகத்தைக் கூட்ட துப்பாக்கியின் உள்ளே ஒரு திருகு இருக்கிறது என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். அதைத் தொடாதீர்கள். ஏர் பிஸ்டல் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் போகிறது. 10 மீட்டரைக் கடக்க 0.07 நொடி. தாளைத் துளைக்க அது போதும். வேகத்தைக் கூட்டினால் துள்ளல் கூடும், அடைப்பான்கள் தேயும், காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ஒழுங்காக்கி கெட்டு ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு உயரத்தில் விழும். ரிவால்வர்க்காரர்கள் மருந்தைக் கூட்டிப் போடுவதும் இதுவும் ஒரே மயக்கம்தான். அவர்களிலும் போட்டிக்குச் சுடுபவர்கள் பெரும்பாலும் மென்மையான அளவையே தேடுகிறார்கள்.

சுடுதளத்தில்

முதல் நாள் தட்டையான அடியுள்ள மூடிய காலணி அணிந்து போங்கள். கண் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். ஈயத் துணுக்கு திரும்பி வருவது அரிது என்றாலும் வரும். துப்பாக்கி பெட்டியிலிருந்து வெளியே வந்த நிமிடத்திலிருந்து குழல் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடாத நேரத்தில் குழல் முழுவதும் நுழைந்து இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பளீர் நிறப் பாதுகாப்பு இழை உள்ளே இருக்க வேண்டும். குண்டு இல்லை என்பதை ஐம்பதடி தள்ளி நிற்பவருக்கும் அது காட்டும். "லோட்" என்ற கட்டளைக்கு முன் குண்டைக் குழலில் வைக்கக் கூடாது. "ஸ்டாப்" என்று கேட்டால் பாதி அழுத்திய விசையையும் விட்டுவிட வேண்டும். முன்னே யாரேனும் இலக்குத் தாளை மாற்றப் போயிருந்தால் துப்பாக்கியைத் தொடவே கூடாது, துடைப்பதற்குக்கூட.

விசையின் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. கிளப் துப்பாக்கியில் அதைப் பார்த்திருப்பார்கள். சொந்தத் துப்பாக்கி வாங்கிய பின் மாதம் ஒருமுறை நீங்களே எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள். திருகு தானாகத் தளரும்.

குண்டு டப்பாவை மேசையில் திறந்துவைத்துப் பக்கத்தில் தண்ணீர்ப் புட்டியை வைக்கிற பழக்கம் வேண்டாம். இரண்டு மணி நேரம் சுட்டால் விரல் நுனி சாம்பல் நிறமாகிவிடும். நாமோ கையால் சாப்பிடுகிறவர்கள். சுட்டு முடித்த பசியில் நேராகப் பரோட்டாவைப் பிய்த்துக் குருமாவில் தோய்த்தால், குருமாவோடு ஈயமும் உள்ளே போகும். சோப்புப் போட்டு, நகக்கண் வரை, இரண்டு முறை கழுவுங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் சுடுதளச் சட்டையை மாற்றிவிட்டுத் தூக்குங்கள். துப்பாக்கியைக் கிளப் காப்பறையில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன், சட்டைப் பையில் ஒரு குண்டும் மிச்சம் இல்லை என்று தடவிப் பாருங்கள். போன வாரம் அக்கா மகனின் கால்சட்டைப் பையில் இரண்டு இருந்தன. துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து அவற்றை எடுத்தவள் அக்கா.